ஜப்பானிய ஐடல் பாட்டு: புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானில் மேடையில் பாடி ஆடி, ரசிகர்களின் ஆதரவோடு வளரும் இளம் கலைஞர்களை ஐடல் என்பார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல்முறையாக ஒரு ஐடல் பாட்டைக் கேட்பவர்களில் பலர், "எல்லாரும் ஒரே சுரத்தில் சேர்ந்து பாடுகிறார்கள், குரலும் அப்படியொன்றும் இல்லை, இதற்கா இவ்வளவு கூட்டம்?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் கேட்டது பாதிப் பாட்டுதான். மீதி, அரங்கில் நிற்கும் ரசிகர்களின் தொண்டையில் இருக்கிறது. இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். அதனால் இந்த வழிகாட்டியில் எந்தக் குழு சிறந்தது என்ற பட்டியல் இல்லை. எப்படிக் கேட்பது, எப்படிப் பார்ப்பது, போக நேர்ந்தால் எப்படிப் போவது, அவ்வளவுதான்.

முதல் வேலை: கே-பாப் அளவுகோலை எடுத்து வையுங்கள்

கொரியக் குழுக்கள் மூடிய அறைக்குள் பல வருடங்கள் பயிற்சி எடுத்து, முழுதாகத் தேறிய பிறகே மேடைக்கு வருகின்றன. ஜப்பானில் கதை வேறு. அரைகுறையாக இருக்கும்போதே மேடையில் ஏற்றிவிடுவார்கள். தேறுவதை ரசிகர்கள் கண்ணெதிரே பார்க்க வேண்டும், அதுதான் திட்டமே.

மார்னிங் முசுமே குழு பிறந்த விதத்தைப் பாருங்கள். 1997-இல் 'ஆசயான்' என்ற டிவி நிகழ்ச்சியில் ராக் பாடகிக்கான தேர்வு நடந்தது. அதில் தோற்ற ஐந்து பேரைப் பிடித்து, "ஐந்து நாட்களில் 50,000 சிடி விற்றுக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்" என்றார் தயாரிப்பாளர் சுன்கு. அவர்கள் ஊர் ஊராகப் போய் நேரிலேயே விற்றுத் தீர்த்தார்கள். அந்தக் குழு இன்றும் இருக்கிறது. ஆரம்பத்தில் இருந்த ஐந்து பேரில் ஒருவர்கூட இப்போது இல்லை. பழையவர்கள் விலகுவார்கள், புதியவர்கள் சேர்வார்கள், குழு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஏகேபி48 இன்னும் சுவாரசியம். 2005 டிசம்பரில் தோக்கியோவின் அகிஹபாராவில், ஒரு தள்ளுபடிக் கடைக் கட்டடத்தின் எட்டாவது மாடியில், 250 பேர் கொள்ளும் சின்ன அரங்கு ஒன்றைத் திறந்தார்கள். டிவியில் மட்டும் பார்க்கக் கிடைத்த ஐடல்களைத் தினமும் நேரில் வந்து பார்க்கலாம் என்பது தயாரிப்பாளர் அகிமோதோ யாசுஷியின் யோசனை. முதல் நாள் டிக்கெட் வாங்கி வந்த பொதுமக்கள் ஏழே பேர். 2012 ஆகஸ்டில் அதே குழு தோக்கியோ டோம் என்ற மாபெரும் அரங்கில் மூன்று நாள் நிகழ்ச்சி நடத்தியது. நடுவில் கடந்த ஏழு வருடமும் கூடவே வந்த ரசிகர்களுக்கு ஒரு சுரம் தப்பினால் என்ன, தப்பாவிட்டால் என்ன?

அதற்காக ஐடல் என்றாலே பாடத் தெரியாதவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மார்னிங் முசுமே இருக்கும் ஹலோ ப்ராஜெக்ட் குடும்பத்தில் நேரடியாகப் பாடுவதற்குப் பெரிய மதிப்பு உண்டு. தாளத்தைப் பதினாறாகப் பிரித்து உடம்பில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிப் பிழிந்தெடுப்பார் சுன்கு. தொண்டைப் புற்றுநோயால் அவர் தன் குரலையே இழந்ததை 2015-இல் வெளியுலகுக்குத் தெரிவித்தார். அதற்குப் பிறகும் பாட்டு எழுதிக் கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை.

முதல் வாரம் என்ன கேட்பது

மார்னிங் முசுமேயின் 'லவ் மெஷின்' பாட்டில் தொடங்குங்கள். 1999-இல் வந்தது, 16 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஜப்பான் பொருளாதாரச் சரிவில் முகம் தொங்கிக் கிடந்த நேரத்தில், நம் நாட்டின் எதிர்காலத்தைப் பார்த்து உலகமே பொறாமைப்படும் என்று டிஸ்கோ தாளத்தில் குதித்துக்கொண்டு பாடிய பாட்டு. கிண்டலா நம்பிக்கையா என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்தத் தொனி ஐடல் இசையின் ஒரு நல்ல குணம்.

அடுத்தது ஏகேபி48-இன் 'கோய்சுரு ஃபார்ச்சூன் குக்கி', 2013. வேகமில்லாத, எழுபதுகளின் சோல் இசை வாடையடிக்கும் பாட்டு. அலுவலக ஊழியர்கள், அரசுத் துறைகள், கடைக்காரர்கள் என்று ஊரே அதற்கு ஆடி வீடியோ போட்டது. யார் வேண்டுமானாலும் ஆடுகிற மாதிரி அசைவுகளை அமைத்திருந்ததுதான் காரணம். ஒருமுறை நீங்களும் ஆடிப் பாருங்கள், கதவைச் சாத்திக்கொண்டாவது.

இந்த இரண்டும் பிடித்தால் பாதை அங்கிருந்து பிரியும். மின்னணு இசை பிடிக்கும் என்றால் ஹிரோஷிமாவில் தொடங்கிய பெர்ஃப்யூம். நகதா யாசுதகாவின் இசையில் 2007-இல் வந்த 'பாலிரிதம்' பாட்டின் நடுப்பகுதியில் வெவ்வேறு கணக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடும். தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் கை தடுமாறும். பியானோ, வயலின், மெல்லிய சோகம் வேண்டுமென்றால் நோகிசாகா46. 2017, 2018 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் ஜப்பான் ரெக்கார்ட் விருதின் முதல் பரிசை வாங்கியவர்கள். முறைப்பும் கோபமும் வேண்டுமென்றால் கேயாகிசாகா46 2016-இல் தந்த 'சைலன்ட் மெஜாரிட்டி'. அந்தக் குழுவே 2020-இல் சகுராசாகா46 என்று பெயர் மாறியது. கிடார் அலறினால்தான் இசை என்பவர்களுக்கு பேபிமெட்டல் இருக்கிறது. 2016-இல் லண்டன் வெம்ப்லி அரீனாவில் வாசித்தவர்கள், 2025-இல் டில்லியின் பிளட்டிவுட் குழுவோடு சேர்ந்து பாடியவர்கள். சர்க்கரைப் பாகு மாதிரியான இன்றைய 'கவாய்' (கொஞ்சும் அழகு) பாணிக்கு ஃப்ரூட்ஸ் சிப்பர்.

ஆண் குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்மாப், அராஷி காலத்திலிருந்தே அது தனி உலகம். அவர்களுடைய நிறுவனம் நீண்ட காலம் இணையத்தில் பாட்டை விடாமல் சிடியிலேயே வைத்திருந்ததால் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கைக்கு எட்டாமல் போயிற்று. 2019-இல் அராஷி கதவைத் திறந்த பிறகு நிலைமை மெல்ல மாறியது. இதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும். இங்கே பெண்கள் குழுக்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பாட்டின் அமைப்பைப் பிரித்துக் கேளுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஜப்பானிய பாப் பாட்டை ஏ-மெலோ, பி-மெலோ, சபி என்று பிரிப்பார்கள். ஏ-மெலோ கதையைத் தொடங்கும், அடக்கமாக இருக்கும். பி-மெலோ ஏணி மாதிரி ஏற்றிக்கொண்டு போகும். சபியில் வெடிக்கும், பாட்டின் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் வரும். இரண்டாவது சபிக்குப் பிறகு ஒரு இசைத் துண்டு, அடுத்து ஓச்சி-சபி. அதில் வாத்தியங்களெல்லாம் விலகிக்கொள்ளும், ஒரே ஒருத்தி தனியாகப் பாடுவாள். கடைசிச் சபி பல பாட்டுகளில் ஒரு சுருதி ஏறி வரும்.

சபியில் அடிக்கடி வரும் ஒரு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) வரிசைக்கு ராஜபாட்டை வரிசை என்றே ஜப்பானில் பெயர். கார்டுகளின் அடிச்சுரங்கள் ம, ப, க, த என்று நகரும். கீபோர்டு இருந்தால் எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர் என்று வாசித்துப் பாருங்கள். ஸ-வில் வந்து உட்காராமல் தள்ளிக்கொண்டே போகும். சந்தோஷமான பாட்டிலும் ஒரு ஏக்கம் ஒட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரசிகர்களின் வேலை இந்த அமைப்புக்குள்தான் நடக்கிறது. வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுகிறவர் இல்லாமல் கதை நகருமா? அந்த மாதிரி, ஐடல் பாட்டில் ரசிகர்களுக்கென்று இடம் விட்டே இசை அமைக்கிறார்கள்.

ஏகேபி48 2010-இல் வெளியிட்ட 'ஹெவி ரொட்டேஷன்' பாட்டின் மேடைப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "ஒன், டூ, த்ரீ, ஃபோர்!" என்று நடுவில் நிற்கும் சென்டர் ஓஷிமா யூகோ எண்ணி முடிப்பார், கிடார் பாயும். சிடியில் அந்த முன்னிசை வெறும் முன்னிசை. அரங்கிலோ அங்கே "டைகா, ஃபையா, சைபா, ஃபைபா, டைபா, பைபா, ஜா ஜா!" என்று ஒரு முழக்கம் எழும். இதற்கு மிக்ஸ் என்று பெயர். புலி, நெருப்பு என்று தொடங்கும் இந்தச் சொற்களுக்கு ஒரு பொருளும் கிடையாது. எட்டெட்டாக எண்ணி இடத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். நேரம் மிச்சமிருந்தால் அதையே ஜப்பானிய மொழியில் ஒரு சுற்று, இன்னும் இருந்தால் வடக்கே ஹொக்கைதோவின் ஐனு மொழிச் சொற்களில் ஒரு சுற்று. ஏ-மெலோ வந்ததும் கத்தல் அடங்கிக் கைதட்டல், அல்லது ஒவ்வொரு வரி முடிவிலும் பாடுகிறவரின் பெயர். பி-மெலோவில் "பான், பபான், ஹ்யூ!" என்று தட்டிக் குதிக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. சபியில் எல்லாரும் கையசைவைப் பின்பற்றுவார்கள். ஓச்சி-சபி வரும்போது அத்தனை கூச்சலும் சட்டென்று நின்றுவிடும். தனியாகப் பாடுகிறவளை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டி மெதுவாக அலைய விடுவார்கள். பாலித் தீவின் நடனப் பெயரை எடுத்து இதற்கு 'கேச்சா' என்று வைத்திருக்கிறார்கள்.

இப்போது அதே பாட்டை மறுபடி ஹெட்போனில் கேளுங்கள். முன்னிசை ஏன் அவ்வளவு நீளம், வரிகளுக்கு நடுவில் ஏன் அந்த இடைவெளி என்று முன்பு தோன்றியதற்கெல்லாம் விடை கிடைத்துவிடும். கொரோனா வந்ததும் ஜப்பான் அரங்குகளில் வாய்விட்டுக் கத்தக் கூடாது, தட்டலாம் என்று விதி வந்தது. 2023 தொடக்கத்தில்தான் தளர்ந்தது. அந்த வருடங்களின் பதிவுகளையும் அதற்கு முன்பு எடுத்தவற்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பாடுகிறவர்கள் குறை வைக்கவில்லை, ஆனால் பாட்டு நொண்டுகிறது.

ஒரு 'ஓஷி' தேறும், தேட வேண்டாம்

ஓஷி என்றால் நீங்கள் பின்னின்று தாங்கும் உறுப்பினர். பத்துப் பதினைந்து பேர் ஒரே சீருடையில் ஆடும்போது யார் யார் என்று தெரியாமல் திணறுவது எல்லாருக்கும் நடப்பதுதான். பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். ஒரே பாட்டின் நடனப் பதிவை நாலைந்து முறை பாருங்கள். கண் தானாக ஒருவரிடம் போய் நிற்கும். அது நடுவில் நிற்கும் சென்டராக இருக்க வேண்டியதில்லை. கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றுகொண்டு, கேமரா தன் பக்கம் வராது என்று தெரிந்தும் முழு வீச்சில் ஆடுகிறவரைக் கண்டுபிடிக்கிற சுகமே தனி. யாரையும் பிரிக்க மனமில்லை என்றால் குழுவையே ஓஷியாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஹாகோ-ஓஷி என்று பெயர்.

நிறங்கள் உதவும். மோமொய்ரோ க்ளோவர் சீ குழுவில் சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதா என்று ஆளுக்கொரு நிறம். 2008-இல் யோயோகி பூங்காப் பக்கம் தெருவில் ஆடத் தொடங்கி, 2014-இல் தேசிய விளையாட்டரங்கத்தில் நிகழ்ச்சி நடத்திய முதல் பெண்கள் குழு ஆனவர்கள் இவர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஆள் அடையாளம் பிடிபட இதைவிடச் சுலபமான குழு இல்லை. நோகிசாகாவில் ஆளுக்கு இரண்டு நிறக் கூட்டு, அதனால் ரசிகர் கையில் இரண்டு பென்லைட், அதாவது அசைத்துக் காட்டும் நிற விளக்கு. கொஞ்சம் மனக்கணக்கு வேண்டும்.

ஓஷி கிடைத்த கையோடு இன்னொன்றுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அவர் ஒரு நாள் விலகுவார். அதை 'பட்டம் பெறுதல்' என்பார்கள். அறிவிப்பு, கடைசிப் பாட்டு, கவுன் போட்டுக்கொண்டு கடைசி மேடை என்று முறையாக நடக்கும். ஏகேபி48-இன் முகமாக இருந்த மாயேதா அத்சுகோ, தோக்கியோ டோமின் பெரும் கூட்டத்துக்கு மறுநாள் அகிஹபாராவின் அந்த 250 பேர் அரங்கில்தான் விடைபெற்றார். முடிவு உண்டு என்று தெரிந்தே பார்ப்பதால்தான் சாதாரண செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சிக்கும் ஆள் வருகிறது என்பது என் எண்ணம்.

பர்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்தத் தொழில் உங்கள் பாசத்தை எடை போட்டுக் காசாக்கத் தெரிந்த தொழில். ஒரே சிங்கிளை (ஓரிரு பாட்டுகளுக்கான சிடியை) மூன்று நான்கு வகையாக வெளியிடுவார்கள். அட்டை வேறு, உடன்வரும் பாட்டு வேறு. உள்ளே கைகுலுக்கும் டிக்கெட்டோ, எந்த உறுப்பினர் வருவார் என்று தெரியாத போட்டோவோ இருக்கும். 2009 முதல் 2018 வரை ஏகேபி48 'பொதுத் தேர்தல்' நடத்தியது. அடுத்த சிங்கிளில் யார் முன்னால் நிற்பது என்பதை ரசிகர்களின் ஓட்டு முடிவு செய்யும், ஓட்டுச்சீட்டு சிடிக்குள் இருக்கும். ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் வாங்கினார்கள். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வட்டுகளைக் குப்பையில் கொட்டிய செய்திகளும் வந்தன.

எனவே முதல் வருடம் இசைச் செயலிச் சந்தாவோடு நிறுத்துங்கள். வாங்கியே தீர வேண்டுமென்றால் ஒரு கச்சேரி புளூ-ரே வாங்குங்கள், ரசிகர்களின் சத்தமும் அதில் இருக்கும். யூட்யூபில் பெரிய குழுக்கள் சில பாதியில் வெட்டிய வீடியோவைத்தான் போடுகின்றன. ஹலோ ப்ராஜெக்ட் முழுதாகப் போடும்.

ஜப்பான் போக வாய்த்தால்

பெரிய குழுக்களின் டிக்கெட் குலுக்கலில்தான் கிடைக்கும். ரசிகர் மன்றத்தில் சேரப் பெரும்பாலும் ஜப்பானிய முகவரியும் தொலைபேசி எண்ணும் கேட்பார்கள். கள்ள விலைக்கு மறுவிற்பனை செய்வதை 2019 ஜூன் முதல் சட்டமே தடுக்கிறது, வாசலில் அடையாள அட்டையும் பார்க்கலாம். இரண்டு சுலபமான வழிகள் இருக்கின்றன.

ஒன்று இலவசம். புது சிங்கிள் வெளிவரும் வாரங்களில் வணிக வளாகங்களிலேயே பாடுவார்கள். தோக்கியோ இகெபுகுரோவில் சன்ஷைன் சிட்டி வளாகத்தின் நீரூற்றுச் சதுக்கம் இதற்குப் பேர்போனது. கீழே முன்வரிசைக்கு சிடி வாங்கியிருக்க வேண்டும். மேல்மாடிக் கைப்பிடியோரம் நின்றால் ஒரு காசு செலவில்லை, ரசிகர்களின் அசைவும் மொத்தமாகத் தெரியும்.

மற்றது லைவ் ஹவுஸ் என்ற சின்ன இசைக்கூடம். 'நிலத்தடி ஐடல்' என்று சொல்லப்படும் சின்னக் குழுக்கள் ஏழெட்டு சேர்ந்து, ஆளுக்கு இருபது முப்பது நிமிடம் என்று ஒரே மாலையில் பாடும். TIGET போன்ற டிக்கெட் தளங்களில் பெயர் பதிந்துவிட்டு வாசலில் பணம் கட்டலாம். டிக்கெட் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 யென். அதோடு பானத்துக்கென்று தனியாக 600 யென் அளவில் வாங்குவார்கள், அதற்குச் சில்லறையாக வைத்திருங்கள். வாசலில் இருப்பவர், "இன்று எந்தக் குழுவுக்காக வந்தீர்கள்?" என்று கேட்பார். சும்மா பேச்சுக்கில்லை. யார் பெயர் எத்தனை முறை வந்தது என்பதை வைத்துக் குழுக்களுக்குப் பணம் பிரிப்பது வழக்கம். ஒரு பெயரைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.

உள்ளே போனதும் பின்பக்கம் நில்லுங்கள். முன்னால் இருப்பது பழைய ஆட்களின் இடம், குதிப்பும் அங்கேதான். அறிவிக்காதவரை போனை எடுக்கக் கூடாது. சில குழுக்கள் படம் எடுக்க அனுமதிக்கும், அதை முன்கூட்டியே சொல்வார்கள். மிக்ஸ் தெரியாவிட்டால் சும்மா தட்டுங்கள். தப்பான இடத்தில் கத்துவதைவிட அது மேல்.

பாட்டு முடிந்ததும் மேசை போட்டு 'செக்கி' தொடங்கும். கையோடு அச்சாகி வரும் இன்ஸ்டன்ட் படம். ஒன்று 1,000 யென்னுக்கு மேல் இருக்கும். சீட்டு வாங்கி வரிசையில் நின்றால், உங்கள் ஓஷியோடு ஒரு படம். பிறகு அவர் அந்தப் படத்தில் பேனாவால் எழுதிக்கொண்டே உங்களோடு பேசுவார், ஒரு நிமிடம் இருக்கலாம். நேரம் முடிந்ததும் பக்கத்தில் நிற்கும் ஊழியர் தோளைத் தொட்டு நகர்த்துவார், கோபித்துக்கொள்ளாதீர்கள். தொடக் கூடாது, தொடர்பு எண் கேட்கக் கூடாது, வெளியே காத்திருந்து பின்தொடரவே கூடாது. 2014-இல் இவாத்தே மாகாணத்தில் ஏகேபி48-இன் கைகுலுக்கும் நிகழ்ச்சி ஒன்றில் ஒருவன் ரம்பத்தால் தாக்கி இரண்டு உறுப்பினர்களும் ஒரு ஊழியரும் காயப்பட்டார்கள். பல இடங்களில் பை சோதனை நடப்பது அதற்குப் பிறகுதான்.

இந்த உலகத்தில் தெரிந்தே நுழைய வேண்டிய இருட்டும் உண்டு. காதலிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போடும் நிறுவனங்கள் இருந்தன. அப்படியொரு வழக்கில், காதல் ஒருவரின் சுதந்திரம் என்று சொல்லி 2016-இல் தோக்கியோ நீதிமன்றம் நிறுவனத்தின் நஷ்டஈட்டுக் கோரிக்கையைத் தள்ளியது. ஆண் ஐடல்களின் மிகப் பெரிய நிறுவனத்தை நிறுவிய ஜானி கிதகாவா, சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதை அந்த நிறுவனமே 2023-இல் ஒப்புக்கொண்டது. அதற்குள் அவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. உறுப்பினர்களில் பலர் இன்னும் பள்ளி வயதினர். உங்கள் பணம் எங்கே போகிறது, யாரை எப்படி நடத்தும் நிறுவனத்துக்குப் போகிறது என்று பார்த்துச் செலவழிப்பது ரசிகரின் பொறுப்பில் சேரும்.

ஜப்பான் வரை போக முடியாதவர்களுக்கு ஜகார்த்தாவில் ஜேகேடி48, பாங்காக்கில் பிஎன்கே48, கோலாலம்பூரில் கேஎல்பி48 என்று ஏகேபி48-இன் சகோதரக் குழுக்கள் இருக்கின்றன. அதே பாட்டுகள், உள்ளூர் மொழி. மலேசியத் தமிழர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் கிடைக்காது.

செக்கி எடுக்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை. படத்தில் உங்கள் பெயரை எழுத அவர் ஆசைப்படுவார். அதனால் பெயரைக் கதகானா என்ற ஜப்பானிய எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். முத்துக்குமாரசாமி என்று முழுதாகச் சொல்லி அவரைத் திணறடிக்க வேண்டாம், முத்து போதும். ரஜினியின் 'முத்து' 1998-இல் அங்கே ஓடு ஓடென்று ஓடிய படம். மேடையில் இருக்கும் பெண்ணுக்குத் தெரியாவிட்டாலும், வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்கும் ஐம்பது வயது ரசிகர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.